எதிர்மறையிலிருந்து உடன்பாட்டுக்கு: பாலியற் சிகிச்சையின் வரலாறும் ஏறாவூரும்

தமிழிலக்கணம் பயின்றோர் வினைகளை உடன்பாடு, எதிர்மறை என இருவகையாகப் பகுத்தறிவர். 'செய்வான்' என்பது உடன்பாடு. 'செய்யான்' என்பது எதிர்மறை. உடன்பாடு என்னும் சொல்லுக்கு உலக வழக்கில் இன்னொரு பொருளும் உண்டு. இருவர் மனமொத்து ஒன்றற்கு இசைதலையும் அது குறிக்கும். பாலியல் தொடர்பான குறைகளை ஆற்ற முயன்ற வைத்திய முறைகளின் வரலாற்றை நோக்குமிடத்து, அவற்றையும் இவ்வாறே இருவகைப்படுத்துதல் பொருந்தும். பாலுணர்வை ஐயத்துடனும் அச்சத்துடனும் அணுகி, அதனை ஒடுக்குதலே நலமெனக் கொண்டவை ஒருவகை. அதனை மனித வாழ்வின் இயல்பான, மதிப்புக்குரிய பகுதியாக ஏற்று, துணைவர் இருவரின் இசைவையும் மகிழ்வையும் நலத்தின் அளவுகோலாகக் கொண்டவை மற்றொருவகை. முன்னதை எதிர்மறை நோக்கு என்றும் பின்னதை உடன்பாட்டு நோக்கு என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம்.

உடன்பாட்டு நோக்கு மேனாட்டார் அண்மையிற் கண்ட புதுமை என்றும், நமது சமூகத்தின் ஒழுக்க மரபுகளுக்கு அது ஒவ்வாதது என்றும் பலர் கருதுகின்றனர். அக்கருத்து வரலாற்றோடு பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது. ஆராய்ச்சிக்குரிய களமாக ஏறாவூரை எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பு நகருக்கு வடமேற்கே, வாவிக்கு அண்மையில், திருகோணமலை வீதியில் அமைந்த இவ்வூர் முஸ்லிம்கள் பெரும்பான்மையராக வாழும் ஊர். தமிழ்க் கிராமங்கள் அதனைச் சூழ்ந்துள்ளன. பழந்தமிழ் மரபு, இஸ்லாமிய மரபு, நாட்டு வைத்திய மரபு, ஆங்கில வைத்தியம் ஆகிய நான்கும் ஒருங்கே செல்வாக்குச் செலுத்தும் இடமாதலின், நமது நோக்கத்துக்கு அது மிகவும் ஏற்றதாகும்.

மரபின் இருமுகம்

தமிழரின் அகத்திணை மரபு காதலையும் கூடலையும் புலவர் பாடுதற்குரிய உயர்ந்த பொருளாகக் கொண்டது. அறம், பொருள் என்பவற்றை விரித்துரைத்த திருவள்ளுவர் இன்பத்துக்கு இருபத்தைந்து அதிகாரங்களை ஒதுக்கினார். அவற்றுள் ஒன்றுக்குப் 'புணர்ச்சி மகிழ்தல்' என்பது பெயர். அப்பாலின் பெரும்பகுதியிற் பேசுபவள் பெண்ணே என்பதும் கருதத்தக்கது. அவளது விருப்பமும் ஏக்கமும் ஊடலும் குற்றங்களாகக் கூறப்படவில்லை.

இஸ்லாமிய மரபிலும் இதனை ஒத்த போக்கினைக் காணலாம். 1111 ஆம் ஆண்டிற் காலமான இமாம் கஸ்ஸாலி அவர்கள் தமது 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூலில் திருமண ஒழுங்குகளுக்குத் தனிப் பகுதியொன்றை வகுத்தார். கணவன் தன் தேவை முடிந்தவுடன் விலகிவிடாது, மனைவியும் நிறைவு பெறும்வரை பொறுத்திருத்தல் வேண்டுமென்பது அவர் கூறும் நெறிகளுள் ஒன்று. இல்லறத்து இன்பம் மனைவிக்கும் உரியது என்னும் கொள்கை அதன் அடிநாதமாகும்.

ஆயினும் மரபு முழுவதும் உடன்பாடே எனக் கூறுதல் உண்மைக்கு மாறாகும். ஆயுர்வேதமும் சித்த வைத்தியமும் உடலை ஏழு தாதுக்களாற் கட்டப்பட்டதாகக் கொண்டன. சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை என ஒன்றிலிருந்து ஒன்றாக வடிந்து, ஏழாவதாக அமைவது சுக்கிலம். பல துளி இரத்தம் ஒரு துளி விந்தாகிறது என்னும் நாட்டு நம்பிக்கை இக்கொள்கையின் வழித்தோன்றல். ஆயுர்வேதத்தின் எட்டு அங்கங்களுள் ஒன்றாகிய வாசீகரணம் பாலின்பத்துக்கும் மகப்பேற்றுக்கும் துணைசெய்ய எழுந்ததேயெனினும், விந்து இழப்பு உயிரிழப்புக்கு ஒப்பானது என்ற அச்சமும் அதே நிலத்தில் வேரூன்றியது.

மட்டக்களப்புப் பிரதேசத்தில் இந்நம்பிக்கைகள் சமய எல்லைகளைக் கடந்து நிலவுகின்றன. 1969 முதல் அக்கரைப்பற்றிற் கள ஆய்வு நடத்திய மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, இப்பகுதித் தமிழரும் முஸ்லிம்களும் பாலாற்றல், மகப்பேறு ஆகியன பற்றிக் கொண்டுள்ள கருத்துக்களை 1982 இல் வெளிவந்த கட்டுரையொன்றில் விரிவாக ஆராய்ந்தார். சூடு, குளிர்ச்சி, இரத்தம், விந்து என்பன பற்றிய எண்ணங்கள் இரு சமூகத்தாரின் உணவு, மருந்து, மகப்பேற்றுப் பத்தியம் ஆகியவற்றை எவ்வாறு வழிநடத்துகின்றன என்பதை அதில் அறியலாம். பள்ளிவாசலுக்குச் செல்பவரும் கோயிலுக்குச் செல்பவரும் உடம்பைப் பற்றி ஏறத்தாழ ஒரே மொழியிற் பேசுகின்றனர்.

அச்சம் அயலிலிருந்தும் வந்தது

விந்து பற்றிய அச்சம் கீழைத்தேயத்தாருக்கே உரியது என்பது ஐரோப்பிய வைத்தியரின் நெடுங்கால எண்ணமாக இருந்தது. இந்திய உளமருத்துவர் நரேந்திர நாத் விக் 1960 இல் இந்நிலைக்குத் 'தாது நோய்க்குறித் தொகுதி' என்னும் கருத்துடைய பெயரைச் சூட்டினார். சிறுநீருடன் விந்து வெளியேறுவதாக எண்ணி, உடற்சோர்வு, மனக்கலக்கம், ஆண்மைக் குறைவு ஆகியவற்றால் இளைஞர் வருந்தும் நிலையே அது. பின்னர் அனைத்துலக நோய் வகைப்பாட்டிலும் அது இடம்பெற்றது.

ஆனால் இலங்கையரான அதுல சுமதிபால, சிசிர சிறிபத்தன ஆகியோரும் தினேஷ் புக்ராவும் 2004 இல் வெளியிட்ட ஆய்வு இவ்வெண்ணத்தை மறுத்தது. இதே அச்சம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஆழப் பரவியிருந்ததை அவர்கள் எடுத்துக்காட்டினர். சுவிற்சர்லாந்து வைத்தியர் திசோ 1760 ஆம் ஆண்டளவில் வெளியிட்ட நூல், சுயவின்பத்தாற் குருடும் பைத்தியமும் மரணமும் விளையுமெனக் கூறி ஐரோப்பா எங்கணும் பெருவழக்குப் பெற்றது. சிறிதளவு விந்தின் இழப்பு பன்மடங்கு இரத்த இழப்பினும் கொடியது என்று அவர் கணக்கிட்டுரைத்தமை நம் நாட்டு நம்பிக்கையை அப்படியே ஒத்திருத்தல் வியப்புக்குரியது. பிரெஞ்சு வைத்தியர் லாலெமாந் 1836 முதல் வெளியிட்ட தொகுதிகளில் விந்து ஒழுக்கினைத் தனி நோயாகவே வகுத்தார்.

எனவே குடியேற்ற ஆட்சிக் காலத்தில் நம் நாட்டுக்கு வந்த ஆங்கில வைத்தியம், இங்கிருந்த அச்சத்தைப் போக்கும் அறிவை மட்டும் கொண்டுவந்ததன்று. தன் பங்குக்கு அச்சத்தையும் கொண்டுவந்தது. இரண்டு அச்சங்களும் ஒன்றையொன்று தழுவிக்கொண்டன. அச்சுயந்திரம் பரவியபோது அவை விளம்பரமாயின. நரம்புத் தளர்ச்சி என்றும், இளமையிற் செய்த தவறு என்றும் இளைஞரை மிரட்டி லேகியம் விற்கும் விளம்பரங்களைத் தமிழ்ப் பத்திரிகை படிக்கும் எவரும் அறிவர். நோயில்லாதவனை நோயாளியாக்கி, பின்னர் அவனுக்கே மருந்து விற்றல் இவ்வணிகத்தின் இயல்பு.

சொல்லின்மை என்னும் தடை

அச்சத்துக்கு அடுத்த தடை சொல்லின்மை. வீரமாமுனிவர் 1730 இல் திருக்குறளை இலத்தீனில் மொழிபெயர்த்தபோது அறத்துப்பாலையும் பொருட்பாலையும் மட்டுமே எடுத்துக்கொண்டார், காமத்துப்பாலை விட்டுவிட்டார். அவர் துறவியாதலின் அது அவருக்கு இயல்பாயிருக்கலாம். ஆனால் பிற்காலத்திற் பாடசாலைகளில் திருக்குறள் கற்பித்த நம்மவரும் பெரும்பாலும் அவ்வாறே செய்தனர்.

இதற்கு நேர்மாறான செயலொன்று யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது. 1847 இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயைத் தளமாகக் கொண்டு மருத்துவம் கற்பித்தார். 1864 முதல் அதனைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்றியல், உடற்றொழிலியல், மகப்பேற்று மருத்துவம், அறுவை மருத்துவம் முதலான துறைகளில் அவரும் அவர்தம் மாணவரும் தமிழில் நூல்களை ஆக்கினர். பாலுறுப்புக்களையும் கருவுறுதலையும் பற்றிக் கூசாது, இழிவுபடுத்தாது, தெளிவான உரைநடையிற் கூறும் வாய்ப்பு அவற்றால் தமிழுக்குக் கிட்டியது. அம்முயற்சி தொடர்ந்திருப்பின், இன்று வைத்தியர்முன் அமரும் நோயாளி தன் உறுப்பின் பெயரைச் சொல்ல இயலாது 'கீழ்ப்பக்கம்' என்று முணுமுணுக்கும் நிலை நேர்ந்திராது. மருத்துவக் கல்வி பின்னர் முற்றாக ஆங்கிலத்துக்கு மாறியமையால், வைத்தியரிடம் சொல் உண்டு, தமிழில் இல்லை. நோயாளியிடம் தமிழ் உண்டு, சொல் இல்லை என்ற நிலை தோன்றிற்று.

எண்ணிக்கையும் இன்பமும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பாலியலை அறிவியலாக ஆராயும் முயற்சிகள் வலுப்பெற்றன. மக்னஸ் ஹிர்ஷ்பெல்ட் 1919 இல் பேர்லினில் பாலியல் ஆய்வு நிறுவனமொன்றை அமைத்தார். ஆலோசனையும் சிகிச்சையும் அங்கு ஒருங்கே வழங்கப்பட்டன. அவர் 1931 இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்து சென்றார். 1933 இல் நாசிகள் அந்நிறுவனத்தைச் சூறையாடி அதன் நூல்களை எரித்தனர். அடுத்த ஆண்டு பம்பாயில் ஏ. பி. பிள்ளை பாலியலுக்கும் திருமண நலத்துக்குமான ஆய்விதழொன்றைத் தொடங்கினார். பேர்லினில் அணைந்த விளக்கு பம்பாயில் ஏற்றப்பட்டதெனின், உடன்பாட்டு நோக்கினை மேனாட்டார் நமக்குத் தந்த இரவல் என்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

இலங்கையிற் குடும்பத் திட்டச் சங்கம் 1953 இல் நிறுவப்பட்டது. சில்வியா பெர்னாண்டோ, டொக்டர் சிவா சின்னத்தம்பி முதலியோர் அதன் முன்னோடிகளாவர். 1965 இல் குடும்பத் திட்டத்தை அரசு தன் கொள்கையாக ஏற்றது. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை நாடெங்கும் விரிந்திருந்தமையால், வீடு வீடாகச் செல்லும் மருத்துவமாது இப்பணியின் முதுகெலும்பானாள். ஏறாவூரின் ஒழுங்கைகளிலும் அவள் நடந்தாள். தாய்மார் இறப்பும் சிசு இறப்பும் குறைந்தமையில் அவளுக்குள்ள பங்கு பெரிது.

எனினும் ஒன்றைக் குறிப்பிடல் வேண்டும். எத்தனை பிள்ளைகள், எவ்வளவு இடைவெளி, எந்த முறை என்பனவே அத்திட்டத்தின் முதன்மையான வினாக்களாயின. உறவு வலிக்கிறதா, விருப்பமுண்டா, இருவரும் மகிழ்வாயிருக்கின்றனரா என்பன பதிவேட்டில் இடம்பெறவில்லை. பாலியல் குறித்து அரசு பேசத் தொடங்கியபோதும் எண்ணிக்கை பற்றியே பேசிற்று; இன்பம் பேசாப் பொருளாகவே இருந்தது.

புதிய சிகிச்சையின் தோற்றம்

அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரில் வில்லியம் மாஸ்டர்ஸ், வேர்ஜீனியா ஜோன்சன் ஆகிய இருவரும் 1970 இல் வெளியிட்ட நூல் பாலியற் சிகிச்சையின் வரலாற்றில் ஒரு திருப்பமாகும். குறை கணவனுடையதோ மனைவியுடையதோ அன்று, இருவரின் உறவே சிகிச்சைக்குரியது என்பது அவர்களின் அடிப்படை. உடலுறவைச் சில காலம் தவிர்க்கச் சொல்லி, வெறுமனே தொடுதலையும் அத்தொடுகையை உணர்தலையும் அவர்கள் பயிற்றினர். இயலுமா, இயலாதா எனத் தன்னைத்தானே தேர்வுக்குட்படுத்தும் பதற்றம் நீங்கவே, உடல் தன் இயல்புக்குத் திரும்பிற்று. அச்சத்தினால் பெண்ணின் தசைகள் தாமாக இறுகி உறவைத் தடுக்கும் நிலைக்கு 1860களில் கத்தியே மருந்தெனக் கருதப்பட்டது. இப்புதிய முறை பொறுமையையும் படிப்படியான பயிற்சியையும் மருந்தாக்கியது. அவர்கள் கூறிய வெற்றி வீதங்கள் மிகையானவை எனச் சில்பெர்கெல்ட், எவன்ஸ் ஆகியோர் 1980 இல் வன்மையாகக் கண்டித்தனர் என்பதையும் மறைத்தலாகாது. எண்கள் ஐயத்துக்குள்ளாயின, ஆயினும் அணுகுமுறை நிலைத்தது.

1976 இல் ஜக் அனன் வகுத்த நான்கு படிகள் நமது ஊர்களுக்கு மேலும் பயன்தரத்தக்கவை. முதற்படி, நோயாளி தன் குறையைப் பேசுவதற்கு இசைவளித்தல். இரண்டாவது, அளவான அறிவை ஊட்டுதல். மூன்றாவது, குறிப்பான ஆலோசனை கூறுதல். நான்காவது, தீவிர சிகிச்சை. பெரும்பாலானோரின் துயரம் முதலிரு படிகளிலேயே தணியும் என்பது அவர் கருத்து. தூக்கத்தில் விந்து வெளியேறுதல் இயல்பு, உடல் அதனை இடையறாது ஆக்கிக்கொண்டே இருக்கிறது, அதனாற் பலம் குன்றுவதில்லை என்று நம்பிக்கைக்குரிய ஒருவர் சொல்லும் சில சொற்கள், பல மாத லேகியத்திலும் மேலானவை.

வைத்தியத்துறை தன்னையும் திருத்திக்கொண்டது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1973 இல் தற்பால் நாட்டத்தை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிற்று. உலக சுகாதார நிறுவனம் 1990 இல் அவ்வாறு செய்தது. அந்நிறுவனம் 2006 இல் வெளியிட்ட வரையறையின்படி பாலியல் நலமென்பது நோயின்மை மாத்திரமன்று. அது பாலியலை மதிப்போடும் உடன்பாட்டு நோக்கோடும் அணுகுவதை வேண்டுவது. வற்புறுத்தலும் வன்முறையும் பாகுபாடும் அற்றது. இங்கே உடன்பாடு என்னும் சொல்லின் இருபொருளும் ஒன்றாகின்றன. எல்லாம் ஆகுமெனச் சொல்வதன்று உடன்பாட்டு நோக்கு. மற்றவரின் இசைவின்றி எதுவும் ஆகாது எனச் சொல்வதும் அதுவே.

ஏறாவூரில் எதிர்நோக்கும் வினா

இனி ஏறாவூருக்குத் திரும்புவோம். கிழக்கிலங்கையின் முஸ்லிம்களிடையேயும் தமிழரிடையேயும் வீடு பெண்ணுக்கே சீதனமாகச் செல்வது. மணமகன் மனைவியின் வீட்டுக்கு வாழச் செல்கிறான். இவ்வழக்கம் பெண்ணுக்குப் பெருந்துணை. தாயும் சகோதரியரும் அருகிலிருப்பர். ஆனால் மணமகன் புதிய வீட்டில் தனியன். முதல் நாட்களில் அவனுக்கு ஏற்படும் தடுமாற்றத்தை அவன் எவரிடம் உரைப்பான்? மாமனார் வீட்டின் மெல்லிய சுவருக்கு அப்பால் எல்லோரும் இருக்க, மௌனமே அவனுக்குப் புகலிடமாகிறது. அடுத்து விளம்பர வைத்தியர் புகலிடமாகிறார்.

இதனுடன் அண்மைக்கால வரலாற்றின் சுமையும் சேர்ந்தது. 1990 ஓகஸ்ட் மாதத்தில் ஏறாவூரில் நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானிலே தமிழர் பலர் கொல்லப்பட்டனர். இழப்பும் அதிர்ச்சியும் மனத்தை மட்டுமன்றி, உடலின் விருப்பத்தையும் வற்றச்செய்வன. மத்திய கிழக்குக்குத் தொழில் தேடிச் சென்று ஆண்டுக்கணக்கிற் பிரிந்து வாழ்ந்து திரும்பும் தம்பதியர், ஒருவருக்கொருவர் புதியவராகின்றனர். இவையெல்லாம் லேகியத்தாற் தீர்வன அல்ல.

மேலும் ஒரு ஆபத்து உண்டு. நடுவயது ஆணுக்கு ஏற்படும் விறைப்புக் குறைவு நீரிழிவின் அல்லது இருதய நோயின் முன்னறிவித்தலாக இருக்கக்கூடும். வெட்கத்தால் வைத்தியசாலையைத் தவிர்ப்பவன், காப்பாற்றக்கூடிய உயிரையே பணயம் வைக்கிறான். 1998 இல் சந்தைக்கு வந்த மாத்திரையை மறைவாக வாங்கி விழுங்குபவனுக்கும் இது பொருந்தும். இருதய நோய்க்கு நைத்திரேற்று வகை மருந்து உட்கொள்பவர் அம்மாத்திரையை எடுத்தல் உயிருக்கே கேடாகும்.

இவ்விடத்து மரபே நமக்கு ஒரு வழியைக் காட்டுகின்றது. இலங்கை முஸ்லிம்களின் விவாக, விவாகரத்துச் சட்டம் 1951 ஆம் ஆண்டுக்குரியது. மனைவி கோரும் பஸஹ் விவாகரத்தை விசாரிக்கும் காதி நீதிபதி, தரப்பினர் பின்பற்றும் மத்ஹபின் சட்டத்தை நோக்குவார்; இங்குள்ளோர் பெரும்பாலும் ஷாபிஈ மத்ஹபினர். திருமணத்தின் பின் ஒருமுறையேனும் உறவு நிகழாது, கணவன் இயலாதவன் என மனைவி முறையிடின், ஓராண்டு அவகாசம் அளித்து, அதன் பின்னரே மணமுறிவு தீர்மானிக்கப்படல் வேண்டுமென அம்மத்ஹபின் சட்டநூலார் விதித்தனர். ஓராண்டு ஏன்? சூடு, குளிர், வறட்சி, ஈரம் எனப் பருவங்கள் நான்கும் உடலின்மேற் கடந்து செல்லட்டும், நோயாயின் ஏதேனுமொரு பருவத்தில் அது நீங்கக்கூடும் என அவர்கள் காரணம் கூறினர். இவ்விதியில் இரு உண்மைகள் பொதிந்துள்ளன. மனைவிக்குப் பாலின்ப உரிமை உண்டு. கணவனின் குறை பழிக்குரிய குற்றமன்று, காலமும் சிகிச்சையும் வேண்டிநிற்கும் நோய்.

அந்த ஓராண்டினை வெறுங்காத்திருப்பாகக் கழித்தல் வேண்டுமா? வைத்தியருக்கும் உளவளத்துணையாளருக்கும் உரிய காலமாக அதனைக் கொள்ளின், முறிவை நோக்கிச் செல்லும் இல்லங்கள் சில மீளக்கூடும். மீளாதவிடத்தும் பழியும் பகையுமின்றிப் பிரியலாம். மருத்துவமாது, மௌலவி, ஆசிரியர், பரிசாரி ஆகியோர் அனனின் முதலிரு படிகளை அறிந்திருப்பின், பேச இசைவளிக்கும் வாசல்கள் ஊரெங்கும் திறக்கும். எஞ்சியோர் வைத்தியசாலையை நாடுவர்.

முடிவாக, எதிர்மறையும் உடன்பாடும் கீழ்த்திசைக்கோ மேற்றிசைக்கோ தனியுரிமையானவை அல்ல என்பதை மேற்கூறியவற்றால் அறியலாம். திசோவின் ஐரோப்பா அஞ்சியது; கஸ்ஸாலியும் வள்ளுவரும் அஞ்சவில்லை; நம் நாட்டு நம்பிக்கை அஞ்சியது; பேர்லினும் பம்பாயும் ஆராயத் துணிந்தன. எந்த மரபினை எடுத்துக்கொள்வது என்பது ஒவ்வொரு தலைமுறையின் தெரிவாகும். அறிவைத் தமிழிற் கூறக் கற்ற கிறீன் காலத்து மாணவரின் பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. பல்கலைக்கழகத்திற் பயின்று ஊர் திரும்பும் நம் இளைஞர், கூச்சமின்றியும் கொச்சையின்றியும் இப்பொருளைப் பேசவல்ல தமிழொன்றைத் தம்முடன் எடுத்துச் செல்வாராயின், ஏறாவூரின் எத்தனையோ இல்லங்களில் மௌனம் கலையும். அதனை ஆக்கித்தருதல் தமிழ் பயில்வோரின் கடனுமாகும்.